மதியப் பனிக்கு ஒரு பலகை

யோங்ரான் தன் காலை வாடிக்கையாளர்களை முகம் பார்ப்பதற்கு முன்பே காலடிச் சத்தத்தை வைத்து அறிந்துகொள்வாள். மெத்தென்ற பூட்ஸ் போட்ட பிள்ளைகள் வருவது காதில் விழாது. பனிப்பலகையை விளிம்பின்மேல் நிறுத்தி, சரிவில் கத்தியால் கீறியதுபோல் வளைவு வரைந்து இறங்கும் கூட்டம் வேறு. அவர்கள் கெட்டிப் பிளாஸ்டிக் பூட்ஸோடு, லாயத்துக்குத் திரும்பும் குதிரைகள் மாதிரி டக்கு டக்கென்று கடைக்குள் நுழைவார்கள். விடிந்தும் விடியாத நேரத்தில் அவர்களுக்குக் கொதிக்கக் கொதிக்க ஹ்வாங்தே சூப்பு வேண்டும். அது வயிற்றுக்குள் போனதும் ஒரே கேள்விதான்.

"சித்தி, இன்னைக்குப் பனி எப்படி?"

கடைக்குப் பின்னால் அவள் கணவன் கிசோப்பின் மீன் சட்டங்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. குளிர் பிடித்ததும் அவற்றில் தொங்கவிடும் மீன் இரவில் உறையும், பகலில் இளகும், மறுபடி உறையும், மறுபடி இளகும். வசந்தம் எட்டிப்பார்ப்பதற்குள் பொன்னிறமாகி ஹ்வாங்தே என்ற பெயரும் பெற்றுவிடும். யோங்ரான் அடுப்பு மூட்டுவதற்கு முன் வெளியே போய்க் கடைசி வரிசை மீன் ஒன்றைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பாள். "மீன் கல்லாட்டம் இருக்கு, போங்க" என்பாள். அவர்களும் திருப்தியோடு போவார்கள். வானிலை அறிக்கை பொய்த்த நாள் உண்டு. அவள் கட்டைவிரல் பொய்த்ததில்லை.

இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், காலைப் பனியைப் பற்றிக் கூட்டத்துக்கே சேதி சொன்ன யோங்ரான் காலைப் பனியில் ஒருநாளும் கால் வைத்ததில்லை. காலைச் சூப்பு, பிறகு மதியச் சூப்பு, பிறகு பாத்திரம். எல்லாம் முடித்து அவள் மலையுச்சிக்கு ஏற்றிவிடும் லிப்டுக்குப் போய்ச் சேரும்போது இரவு முழுக்க இயந்திரம் வாரிவிட்ட சரிவு, கல்யாண வீட்டு மறுநாள் முற்றம் மாதிரிக் கிடக்கும். ஆயிரம் பேர் சுரண்டிய பனி அங்கங்கே குவியல் குவியலாக, குவியல்களுக்கு நடுவே இறுகிய பனி வழுக்குப் பாறையாக. அதில்தான் அவள் கற்றுக்கொண்டாள். யாரோ ஒரு வாடிக்கையாளர் விட்டுப்போய், திரும்பியே வராத ஒரு பழைய பலகை சரக்கறையில் கிடந்தது. ஒரு மதியம் விளையாட்டாக அதைத் தூக்கிக்கொண்டு போனவள், அப்புறம் எந்தக் குளிர்காலத்திலும் அதைக் கீழே வைக்கவில்லை.

போன வாரம் அந்தப் பலகையின் விளிம்பு இரும்பு பிய்ந்துகொண்டு வந்துவிட்டது. ஒட்டவைக்க முடியாது என்று பியோ முதலாளி சொல்லிவிட்டார். கணவாய்க்கு இந்தப் பக்கத்தில் விளிம்பில் வளைவு வரையும் கார்விங் பலகைகளை வரவழைத்து விற்பவர் அவர் ஒருவர்தான். வாழ்க்கையில் முதல்தடவையாக யோங்ரான் தனக்கென்று ஒரு பலகையைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. ஒன்று வாங்கினால் முழங்கால் ஒத்துழைக்கிற வரைக்கும் அதுதான். இன்னொன்றுக்கு வாழ்க்கையில் இடமில்லை என்று அவளுக்குத் தெரியும்.

சேதி கசிந்ததும் ஆளாளுக்கு யோசனை சொல்ல ஆரம்பித்தார்கள். அந்தக் காலைக் கூட்டத்துக்கு ஒரு சங்கம் உண்டு; அதில் யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது, எல்லாம் வைத்துக்கொண்ட பெயர். கழுகு என்பவர் சியோலில் பல் டாக்டர். சூப்பில் சோற்றைக் கவிழ்த்துக்கொண்டே அவர் தீர்ப்புச் சொன்னார்.

"வேற யோசனையே வேண்டாம் சித்தி. கறுப்பு. நல்ல நீளம், உள்ள தகடு வெச்சது. அகலமா வர்றதெல்லாம் ஜப்பான்காரனோட மெத்துப் பனிக்கு. உங்க குட்டிப் பாதத்துக்குப் பலகையோட இடுப்பு ஒல்லியா இருந்தாத்தான் சரி. நம்ம ஊர்ப் பனி வானம் கொடுத்ததா? மிஷின் பீரங்கி துப்புனது. கண்ணாடியா இறுகிக் கெடக்கும். அதுல உதறாம போகணும்னா கறுப்புதான்."

அவர் சொன்னதில் ஒன்றும் தப்பில்லை. கழுகு தன் கறுப்புப் பலகையைக் கடை வாசலில் சாய்த்து வைத்தபோதெல்லாம் அவள் பார்த்திருக்கிறாள். உயரமாக, ஒல்லியாக, யாருக்கும் பதில் சொல்லத் தேவையில்லாத ஒருத்தியைப் போல நிற்கும். பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த மால்சுன் திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்:

"காலைல கரண்டி புடிக்கிற கைக்குக் காலைப் பலகை எதுக்கு அண்ணி? துணி காயப்போடவா?"

மால்சுன் கிசோப்பின் தங்கை. அஞ்சாவதும் பெண்ணாய்ப் போனதும் இதோடு போதும் என்று வைத்த பெயர் அது. அந்தக் கோபத்தை அவள் ஊர்மேல் கொஞ்சம் கொஞ்சமாகத் தீர்த்துக்கொண்டிருக்கிறாள் என்று கிசோப் சொல்வான். எல்லோரும் சிரித்தார்கள். யோங்ரானும் சிரித்தாள். ஆனால் அந்த வார்த்தை மீன்முள் மாதிரி எங்கேயோ குத்திக்கொண்டு நின்றது. அன்று முழுக்க அவள் அதை நாக்கால் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

கறுப்பை வாங்கினால் அது சரக்கறையில் சாய்ந்து நின்று தினமும் அவளைப் பார்க்கும். மதியத்துக்கு ஏற்ற குட்டையான ஒன்றை வாங்கினால், காலை தனக்கு இல்லை என்று தன் கையாலேயே எழுதிக் கொடுத்தது போலாகும். இதுவரை அப்படி எழுதிக் கொடுக்கச் சொல்லி யாரும் கேட்டதில்லை. கேட்காதவரைக்கும், என்றைக்காவது ஒரு காலை வரும் என்று இருந்துவிடலாம். அதுதான் அவளுக்கு வலித்தது. ஒரு பலகையைப் பற்றி இவ்வளவு யோசிக்கிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது.

சனிக்கிழமை பியோ முதலாளி சரிவின் அடியில் கூடாரம் போட்டு, அடுத்த குளிர்காலத்துக்கான பலகைகளை ஓட்டிப் பார்க்கக் கொடுக்கும் நாள். சாயங்காலத்துக்குள் எது வேண்டும் என்று சொல்லிவிட வேண்டும், அப்போதுதான் அவர் வெளிநாட்டுக்குச் சொல்லி அனுப்ப முடியும். முதல்நாள் கடை சாத்தும்போது மால்சுன் ஏப்ரனை மடித்தபடியே, நாளைக் காலை அடுப்படியைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள். யோங்ரானுக்கு நம்பிக்கை இல்லை. மீனை நாராகக் கிழிக்க வேண்டும், எண்ணெயில் சரியான நிறம் வரும்வரை வதக்க வேண்டும், தண்ணீரை ஒரேயடியாக ஊற்றிவிடக் கூடாது, அப்போதுதான் சூப்பு பால்மாதிரி வெளுக்கும் என்று ஆரம்பித்தாள். மால்சுன் கண்ணை மூடிக்கொண்டு குறட்டை விடுவதுபோல் நடித்தாள்.

காலையில் பியோ கொடுத்த கறுப்புப் பலகையோடு லிப்டிலிருந்து இறங்கிய யோங்ரான் சரிவின் உச்சியில் அப்படியே நின்றுவிட்டாள்.

எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலைமாதிரி, மேலிருந்து கீழ்வரை சீப்புக் கோடுகள். ஒரு கோடு கலையவில்லை. வெயில் இன்னும் மலைக்கு அந்தப் பக்கம்தான். இத்தனை வருஷம் தன் சூப்பைக் குடித்துவிட்டு இவர்கள் இங்கேதானா வந்தார்கள் என்று நினைத்தாள். மற்றவர்கள் முன்னால் போகட்டும் என்று ஒதுங்கி நின்றவளை, கழுகு கையைக் காட்டி முதலில் போகச் சொன்னார்.

கறுப்புப் பலகை முதல் வளைவிலேயே அவளைப் பிடித்துக்கொண்டது. பிடித்துக்கொண்டது என்பதுதான் சரியான வார்த்தை. விளிம்பு பனிக்குள் இறங்கியது, அதன்பின் அவள் ஒன்றும் செய்ய வேண்டியிருக்கவில்லை. உதறல் இல்லை, சத்தமும் இல்லை. பட்டுத்துணி கிழிகிற மாதிரி ஒரு மெல்லிய ஓசை மட்டும். இடுப்பு தரையை நோக்கிச் சாய்ந்தது, கையுறை பனியைத் தடவியது, சரிவின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு ஒரே கோடு. அடுத்த வளைவு. அதற்கடுத்தது. கீழே வந்து நின்றபோது கண்ணில் மாட்டிய பனிக்கண்ணாடிக்குள் ஈரமாக இருந்தது. காற்றால் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் கண்ணாடிக்குள் காற்று வர வழியில்லை.

கழுகு பின்னாலேயே வந்து நின்று கைதட்டினார். சித்தி இத்தனை நாள் எங்கே ஒளிந்திருந்தீர்கள் என்று கேட்டார். அவள் மறுபடியும் போனாள், மறுபடியும். கறுப்பு என்று மனசு முடிவு கட்டிவிட்டது. பச்சை நிறத்தில் குட்டையாக இன்னொன்றையும் பியோ அவளுக்காக எடுத்து வைத்திருந்தார். அதை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மூன்றாவதோ நான்காவதோ தடவை லிப்டில் ஏறும்போது தூரத்தில் அவர்கள் வீட்டு மீன் சட்டங்கள் தெரிந்தன. மலைக்கு மேல் வந்த வெயில் கிழக்கு ஓர வரிசைமேல் அப்போதுதான் படத் தொடங்கியிருந்தது. யோங்ரானின் கட்டைவிரல் கையுறைக்குள் தானாக அசைந்தது. இது பிப்ரவரிக் கடைசி. மதியத்துக்குள் மீன் சொட்ட ஆரம்பித்துவிடும். மீன் சொட்டினால் சரிவு என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். அது தெரிந்த ஒருத்தி இந்த நேரத்துப் பனியை மட்டும் பார்த்து முடிவு சொன்னால், ஒருநாள் மீனைத் தொட்டுப் பார்த்துவிட்டு மொத்தச் சரக்குக்கும் விலை பேசுகிற சியோல் வியாபாரியைவிட என்ன ஒசத்தி?

கீழே வந்ததும் இரண்டு பலகைகளையும் மதியம் வரைக்கும் வைத்துக்கொள்ளலாமா என்று பியோவிடம் கேட்டாள்.

"மதியம் யாரும் ஓட்டிப் பாக்க மாட்டாங்க முதலாளியம்மா. எந்தப் போர்டும் மதியத்துல அசிங்கமாத்தான் தெரியும். அதான் பதினோரு மணிக்கே கூடாரத்தை மடிச்சிடுறேன்."

"நான் ஓட்டுறது அந்த அசிங்கத்துலதானே முதலாளி."

அவர் தலையைச் சொறிந்தார். இத்தனை வருஷத்தில் மதியப் பனிக்குப் பலகை கேட்டு யாரும் வந்ததில்லை என்றார். வருகிறவர்கள் எல்லாரும் காலையில் ஓட்டிப் பார்த்து, காலைக்கு வாங்கி, மதியத்தில் பலகையைத் திட்டிக்கொண்டு சூப்பு குடிக்கப் போகிறவர்கள்தான். சாயங்காலத்துக்குள் திரும்பி வந்தால் போதும், அப்படியே ஒரு சூப்பும் எடுத்து வாருங்கள் என்று சொல்லி இரண்டையும் கொடுத்தார்.

கடைக்குத் திரும்பும் வழியில் யோங்ரான் என்னென்னவோ கற்பனை செய்துகொண்டு வந்தாள். அடிப்பிடித்த அண்டா, முகம் சுளிக்கும் வாடிக்கையாளர்கள், தலையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் மால்சுன். கதவைத் திறந்தால், அண்டா காலி. மால்சுன் கால்மேல் கால் போட்டுக்கொண்டு காபி குடித்துக்கொண்டிருந்தாள்.

"பஸ் கம்பெனிக் கிழவர் ரெண்டாவது கிண்ணம் கேட்டாரு அண்ணி."

யோங்ரான் கரண்டியால் வழித்து ஒரு வாய் குடித்துப் பார்த்தாள். நன்றாகத்தான் இருந்தது. எண்ணெய் ஒரு பொட்டு அதிகம். அதைச் சொல்ல வாயெடுத்து, விழுங்கிவிட்டாள்.

"யாரும் என்னைக் கேக்கலையா?"

"கேட்டாங்க. மலைக்குப் போயிருக்காங்கன்னேன். ஓகோன்னாங்க." மால்சுன் கோப்பையை வைத்துவிட்டு அவளைப் பார்த்தாள். "நீங்க இல்லாம சூப்பு கொதிக்காதுன்னு யாரு சொன்னா? நீங்கதானே சொல்லிக்கிட்டிருந்தீங்க. செவ்வாய்க்கிழமை கூட்டம் கம்மி. செவ்வாய்க்கிழமை நான் பாத்துக்கிறேன். அந்தக் கறுப்பியைத்தான் வாங்கித் தொலைங்க."

யோங்ரான் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். இவ்வளவு லேசாக ஒரு கதவு திறக்கும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. திறந்ததில் சந்தோஷமும் இருந்தது, ஒரு திகைப்பும் இருந்தது. கதவு பூட்டியே இருந்ததா? எத்தனை குளிர்காலமாக அதன் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். ஒருதடவையாவது தள்ளிப் பார்த்திருக்கிறாளா? கிடைக்காத காலை என்று ஒன்று இருந்தது அவளுக்குக் கதகதப்பாகத்தான் இருந்தது. பாத்திரம் தேய்க்கும்போது, முதுகு வலிக்கும்போது, யாராவது சூப்பில் குறை சொல்லும்போது, எனக்கும் ஒரு காலை இருந்தால் தெரியும் என்று மனசுக்குள் ஒரு மூலையில் போய் உட்கார்ந்துகொள்ளலாம். அந்தக் காலைக்குள் போய், தான் அங்கே சாதாரணமாகத் தெரிந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம்தான் சூப்பை அவ்வளவு முக்கியமாக்கியதோ என்னவோ. இன்றைக்குப் போய்ப் பார்த்தாகிவிட்டது. சாதாரணமாகத் தெரியவில்லை. அவ்வளவுதான் விஷயம். இனி அந்த மூலையில் உட்கார்ந்துகொள்ள முடியாது.

மதியச் சூப்பு முடிந்ததும் பின்பக்கம் போய் மீனை அழுத்தினாள். கட்டைவிரல் அரை நகம் உள்ளே போனது. அடியில் பனியில் சொட்டுச் சொட்டாகக் குழி.

கறுப்பை எடுத்துக்கொண்டுதான் முதலில் இறங்கினாள். இனிச் செவ்வாய்க்கிழமை அவளுடையது. கறுப்பை வாங்க நியாயமும் வந்துவிட்டது. மதியத்தில் அது எப்படியாவது சமாளித்தால் போதும், அவள் தயாராகத்தான் இருந்தாள். அது சமாளிக்கவில்லை. பெரிய வட்டம் வரையவே பிறந்த பலகை அது. குவியல் குறுக்கே வந்தால் சுற்றிப்போகத் தெரியாது, ஏறிப்போகவும் தெரியாது, முட்டும். முதல் குவியலில் முட்டி நின்றது. இரண்டாவதில் மூக்கு புதைந்து, அவளைத் தூக்கி எறிந்தது. வாய் நிறையப் பனியோடு கிடந்தவளைப் பார்த்து, அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பலகை ஏறியிருந்த கல்லூரிப்பெண் ஒருத்தி அக்கறையாக வந்து, ஆன்ட்டி, குழந்தைகள் சரிவு அந்தப் பக்கம் இருக்கிறது என்று வழி சொல்லிவிட்டுப் போனாள்.

யோங்ரான் மல்லாந்து படுத்தபடியே சிரித்தாள். பலகையின்மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. அது தன் நேரத்துக்கு உண்மையாக இருக்கிறது.

பிறகு பச்சை. குட்டை, மூக்கு மட்டும் இளகலாக மேல்நோக்கி வளைந்தது. காலடியில் மட்டும் கெட்டி. மூக்கு குவியலை முகர்ந்து பார்த்துவிட்டு ஏறியது. ஏறி இறங்கிய இடத்தில் வழுக்குப் பாறை வந்தபோது, காலடிக் கெட்டி பிடித்துக்கொண்டது. காலையில் பலகை அவளைக் கூட்டிக்கொண்டு போனது. இப்போது இருவரும் பேசிக்கொண்டே போகிற மாதிரி இருந்தது. இங்கே திரும்பலாமா, சரி, அந்த மேட்டைத் தாண்டியா, வேண்டாம், முன்னாலேயே. இந்தக் குவியல்கள் எங்கே சேரும், லிப்டுக் கம்பத்து நிழலில் எங்கே உறையும் என்று அவளுக்கு வீட்டு அலமாரி போலத் தெரியும். மற்றவர்கள் போய்விட்ட சரிவு கிட்டத்தட்ட அவளுக்கே அவளுக்கென்று இருந்தது. வீணாய்ப்போன பனி என்று எல்லாரும் சொல்வதை அவளும் இத்தனை நாள் ஒத்துக்கொண்டுதானே இருந்தாள்.

இருந்தாலும் அவள் தன்னை அவ்வளவு சுலபத்தில் நம்புகிறவள் இல்லை. எட்டாத பழம் புளிக்கும் என்கிற கதையாக இருந்துவிடக் கூடாது. அதுவும் பழம் எட்டிய அன்றைக்கே. மேலே மரங்களின் நிழல் விழும் வடக்கு ஓரத்தில், வெயிலும் படாமல் ஆளும் போகாமல் ஒரு துண்டுப் பனி காலையில் இருந்தபடியே இறுகிக் கிடக்கும். பச்சையை அங்கே கொண்டுபோனாள். பெரிய வட்டத்துக்குச் சாய்ந்தபோது பலகை லேசாக உதறியது. சரி என்று வட்டத்தைச் சின்னதாக்கினாள். உதறல் நின்றது. சின்ன வட்டம், இன்னும் சின்ன வட்டம். பட்டுக் கிழிகிற அதே ஓசை, கொஞ்சம் அவசரமாக.

போதும் என்று தோன்றியது. மதியத்துக்கு ஏற்ற பலகை காலையில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். காலைக்கு ஏற்றது மதியத்தில் விட்டுக்கொடுக்காது. வாரத்தில் ஒருநாள்தான் செவ்வாய்க்கிழமை. மற்ற நாளெல்லாம் அவளுக்கு மதியம் இருக்கிறது.

கூடாரம் மடித்துவைத்த வண்டிக்குப் பக்கத்தில் பியோ முதலாளியும் கழுகும் நின்றிருந்தார்கள். சூப்புத் தூக்கை நீட்டிவிட்டு, பச்சை என்றாள். கழுகு தன் நோயாளி ஒருவர் நல்ல பல்லைப் பிடுங்கச் சொன்ன மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார்.

"செவ்வாய்க்கிழமை காலைல வரப்போறீங்கன்னு மால்சுன் சொன்னாங்களே சித்தி. இதுலயா?"

"இதுலதான். நீங்க பெரிய வட்டம் போடுங்க. நடுவுல மிச்சம் இருக்கிற இடத்துல நான் போட்டுக்கிறேன்."

புதிதாக வரவழைக்க வேண்டாம், இதையே தரமுடியுமா என்று அவள் கேட்டாள். இது ஓட்டிப் பார்க்க வைத்த பலகை, அடியில் கீறல் இருக்கிறது என்று பியோ குனிந்து தடவிக் காட்டினார். பெரிய கீறல், கல்லில் உரசியது, மதியத்துக் கீறல்.

"அது நான் போட்டதுதான்" என்றாள் யோங்ரான்.

செவ்வாய்க்கிழமை லிப்டு திறப்பதற்கு முன்பே அவள் வரிசையில் நின்றாள். முன்னாலும் பின்னாலும் தலைக்கு மேல் உயர்ந்த கறுப்புப் பலகைகள், நடுவில் அவளுடைய குட்டைப் பச்சை. முதலையும் தவளையும் என்று யாரோ சொன்னார்கள். இன்னொருவர், சித்தி இங்கே இருந்தால் சூப்பு யார் போட்டது என்று கவலையோடு கேட்டார். மால்சுன் என்றாள். எண்ணெய் ஒரு பொட்டு அதிகமாக இருந்ததோ என்று அவர் யோசித்தார். யோங்ரானுக்கு அது எவ்வளவு இனிப்பாக இருந்தது என்று அவருக்குத் தெரிய நியாயமில்லை.

மேலே போய், மற்றவர்கள் எல்லாரும் இறங்கட்டும் என்று நின்றாள். இந்தத் தடவை ஒதுங்கி நிற்கவில்லை, காத்து நின்றாள். வாரிய சரிவில் அவர்கள் ஒருவர்பின் ஒருவராகக் கரைக்குக் கரை பெரிய கோடுகளை இழுத்துக்கொண்டு போனார்கள். கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவில் இன்னும் கலையாத பனி நிறைய மிச்சம் இருந்தது. அவள் பலகையின் மூக்கை அங்கே திருப்பினாள்.